நழுவும் கியரும் பழைய காரும்

உத்தியோகத்தின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கார் என்பது ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு வைத்துக்கொள்ளும் பொருளாகவே பெரும்பாலும் இருக்கிறது. குழந்தைகளைப் பள்ளியில் விடுவதும், முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், விடுமுறைக்கு ஊர் திரும்புவதும் அதிலேதான். அத்தகைய பழைய காரில், தானே கியர் மாறும் அமைப்பு நழுவத் தொடங்கினால் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் கருத எடுத்துக்கொண்ட பொருள்.

பெங்களூரின் தொம்மலூரை எடுத்துக்கொள்வோம். சொக்கநாதசுவாமி கோயிலும் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்று. இன்றோ, பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் கூடுமிடத்தில் நின்றும் நகர்ந்தும் செல்லும் வண்டிகளின் வரிசையே அதன் அன்றாடக் காட்சி. மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். இஞ்சின் இரைகிறது, அதன் சுழற்சியைக் காட்டும் முள் உயருகிறது, வண்டியோ விரையவில்லை. வேறு சில வண்டிகளில், லீவரை முன் செல்லும் நிலைக்குத் தள்ளியபின் சில வினாடிகள் கழித்தே அசைவு தோன்றும். இதனையே நழுவல் என்கிறோம். பின்னால் பாரவண்டி நெருங்கும் ஏற்றத்தில் இது வெறும் பழுது அன்று, ஆபத்து.

இதன் காரணத்தை அறிவது கடினமன்று. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமாட்டிக் கியர்ப் பெட்டியைப் பொருத்தியது. பெருமளவில் உற்பத்தியான முதல் முழுத் தானியங்கிக் கியர்ப் பெட்டி அதுவே. அன்று முதல் இவ்வகைப் பெட்டிகளின் உயிர்நாடி எண்ணெயின் அழுத்தமாகும். அவ்வழுத்தமே உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுகப் பற்றவைக்கிறது. அழுத்தம் குறைந்தால் தட்டுகள் பற்றாமல் உரசுகின்றன. உரசலால் வெப்பம் மிகுகிறது. வெப்பத்தால் எண்ணெய் கெடுகிறது. தேய்ந்த துகள்கள் எண்ணெய் செல்லும் வழிகளை அடைக்கின்றன. அழுத்தம் மேலும் குறைகிறது. நழுவலே நழுவலை வளர்க்கும் இச்சுழல் தானே நிற்பதில்லை. ஆதலின், முதல் அறிகுறிக்கும் முழுச் சேதத்துக்கும் இடைப்பட்ட நாட்களே காருக்கு உரியவர் கையிலுள்ள மூலதனம்.

முதற்கண் எண்ணெயின் அளவைப் பார்த்தல் வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மிகுந்தாலும் எண்ணெய் நுரைத்து அழுத்தம் கெடும். இஞ்சின் ஓடும்போது பார்ப்பதா, நிறுத்திப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியுடன் தந்த கையேடு கூறுவதே விதி. அளவுக்குச்சி இல்லாத கார்களைப் பட்டறையில்தான் சோதிக்க இயலும். சிவந்த எண்ணெய் பழுப்பாகிக் கருகிய வாடை வீசுமாயின் தட்டுகள் தேய்ந்துள்ளன என்று ஐயுறலாம். பால் கலந்தாற்போல் வெளிறியிருப்பின், ரேடியேட்டர் நீர் உள்ளே புகுந்திருக்கக்கூடும். அவ்வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது. அது எங்கே ஒழுகுகிறது என்பதையும் காண வேண்டும்.

அடுத்து, நம் காரில் உள்ளது எவ்வகைப் பெட்டி என்பதை அறிதல் வேண்டும். 2003-இல் வந்த ஹோண்டா சிட்டி போன்ற சில கார்களில் சி.வி.டி. என்னும் அமைப்பு உண்டு. அதில் எஃகுப் பட்டை ஒன்று இரு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. பட்டை நழுவினால் கப்பியின் முகமே கீறிப் பாழாகும். அதற்கென விதித்த எண்ணெயன்றிப் பிறிதொன்றை ஊற்றுவது கேட்டை விலைக்கு வாங்குவதாகும். 2014-இல் மாருதி செலேரியோவுடன் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையோ, சாதாரணக் கியர்ப் பெட்டியையே யந்திரக் கை கொண்டு இயக்குவது. அதில் நழுவல் பெரும்பாலும் கிளட்ச் தட்டின் தேய்மானமே. தட்டை மாற்றிக் கருவியால் சரிசெய்தால் தீரும். இவ்வேறுபாட்டை அறியாதவரிடம், பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் கூறினால் அவர் மறுத்துரைக்க வழியில்லை.

பட்டறையில் நோயைத் தெளிவாக உரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. தமிழாயினும் கன்னடமாயினும், சொல்ல வேண்டியவை இவை: காலையில் குளிர்ந்த நிலையில் நழுவுகிறதா, வெகுநேரம் ஓடிச் சூடேறிய பின்னா? எந்தக் கியரில்? பின்னோக்கிச் செல்கையிலும் உண்டா? எச்சரிக்கை விளக்கு எரிந்ததா? எண்ணெய் இறுதியாக மாற்றியது எப்போது? கணினிக் கருவியால் பிழைக் குறிகளைப் படித்து, எண்ணெய்த் தட்டைக் கழற்றிப் பார்க்குமாறும் கேளுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு இருப்பது இயல்பு. உலோகச் சில்லுகள் இருப்பது நற்குறியன்று. நழுவலை நிறுத்துவதாகக் கூறிப் புட்டியில் விற்கும் மருந்துகள் தேய்ந்த தட்டைப் புதிதாக்குவதில்லை.

வழியில் நழுவல் மிகுந்தால் ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்தாதீர்கள். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, இடப்புறம் ஒதுங்கி நிறுத்துங்கள். சாரதி இருக்கையிலிருந்து நகருமுன் கைப்பிரேக் இழுத்திருக்கட்டும். முன்சக்கரம் இழுக்கும் காரை, அச்சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்துச் செல்லலாகாது. இஞ்சின் ஓடாதபோது பம்பும் ஓடாது. பெட்டி எண்ணெயின்றி அரையும். மேடை வண்டியில் ஏற்றிச் செல்வதே தக்கது.

பெட்டியைப் பிரித்துச் சீர்செய்யும் நிலை வந்தால், செலவை வண்டியின் இன்றைய மதிப்போடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர்த் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவுள்ள காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பின், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்தல் வேண்டும். இச்செலவுகளையும் கூட்டிப் பார்த்த பின்னரே பெருந்தொகையை இறக்குங்கள்.

பழைய கார் என்பதனாலேயே அதனைக் கைவிட வேண்டுவதில்லை. முதல் நழுவலன்றே எண்ணெயைப் பார்ப்பவருக்குச் சிறு செலவோடு முடியக்கூடும். இன்னும் சில நாள் ஓடட்டும் என்று எண்ணுபவருக்கு ஒவ்வொரு நாளும் செலவு ஏறுகிறது.