இடுப்பு வலிக்கு இல்லத்திலேயே பயிற்சி

(லிட்டில் இந்தியாவைக் காண வந்திருந்த ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குழுவினரிடையே ஆற்றிய உரை)



ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து பாலம் கடந்து, சிராங்கூன் சாலையின் கடைகளையும் கோயில்களையும் காண வந்துள்ள உங்களை, தேக்கா அங்காடிக்குச் செல்லுமுன் சிறிது நேரம் இங்கே அமர்த்தியுள்ளோம். அதற்குக் காரணம் உண்டு. பேருந்திலிருந்து இறங்கியபோது உங்களுள் பலர் இடுப்பில் கைகொடுத்தே நிமிர்ந்தீர்கள். வயது முதிர்ந்தவர்கள் மட்டுமல்லர்; முப்பது வயதினரும் அவ்வாறே நிமிர்ந்தனர். ஆதலின் இன்று இடுப்பு வலியைப் பற்றியே பேச விழைகின்றோம்.

பால்வெட்டுவோரின் இடுப்பு வலி எங்கே தோன்றியது என்று கேட்டால், இதே நகரின் தாவரவியல் பூங்காவைச் சுட்டலாம். 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் அங்கு வந்து சேர்ந்தன. 1888ஆம் ஆண்டில் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தின் விளிம்பை மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்தார். இன்று உங்கள் கையிலுள்ள உளி செய்யும் வேலை அதுவே. அம்முறை மரத்தைக் காத்தது. வெட்டுபவரின் முதுகைக் காக்கவில்லை.

எவ்வாறெனில், புதிய பட்டையில் வெட்டு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகின்றது. நின்றபடியே வெட்டலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சாண் வீதம் வெட்டு கீழிறங்குகின்றது. நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் அது முழங்காலுக்கும் கீழே வந்துவிடும். ஒரு நிரையில் 500 மரம் என்று கொண்டால், 500 முறை குனிய வேண்டும். பால் எடுக்கச் செல்லுகையில் மங்குக்கு மங்கு மறுபடியும் குனிய வேண்டும். தென் தாய்லாந்தின் பால்வெட்டுவோரிடையே நடைபெற்று 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் இடுப்பு வலியுடையோராகக் காணப்பட்டனர். நாடு வேறானாலும் மரமும் வெட்டும் ஒன்றே அன்றோ?

இன்னுமொரு செய்தியை நீங்கள் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் ஏன் வெட்டுகின்றோம்? வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு ஒழுகும். நம் முதுகெலும்பும் அவ்வாறே உள்ளது. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தைபோன்ற வட்டுகள் உள்ளன. இரவில் படுத்திருக்கும்போது அவை நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் காலையில் நாம் மாலையைவிட ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கின்றோம். பருத்திருக்கும் வட்டு, குனியும்போது மிகுதியான அழுத்தத்திற்கு உள்ளாகின்றது. எழுந்தபின் முதல் ஓரிரு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட வலி குறைந்ததாக 1998ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகின்றது. அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் பால்வெட்டுத் தொழிலாளி தம் நிரையில் குனிந்துகொண்டிருக்கின்றார். மரத்திற்கு ஏற்ற நேரம் முதுகிற்கு ஏற்காத நேரமாக அமைந்துவிட்டது.

நேரத்தை மாற்ற இயலாது. ஆனால் சில காரியங்களைச் செய்யலாம். எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். பெரட்டுக்களத்திற்கு நடந்தே செல்லுங்கள். அங்கே நிற்கும்போது இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் வைத்து ஐந்தாறு முறை பின்னோக்கி வளையுங்கள். தாழ்வெட்டு மரத்தில் இடுப்பை வளைக்காமல் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி வெட்டுங்கள். மரத்தைச் சுற்றி உடலை முறுக்காமல் காலை எடுத்து வைத்துச் சுற்றுங்கள். நிரையை முடிக்கச் சில நிமிடங்கள் கூடுதலாகும் என்பீர்கள். ஆகலாம். வலியால் ஒரு வாரம் வேலைக்குச் செல்லாமலிருப்பதை எண்ணினால் அது சிறிய இழப்பே.

வலி வந்தவுடன் பாயில் படுத்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். மருத்துவர்களும் முன்பு அதையே கூறிவந்தனர். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளுள் ஒரு சாராரை இரண்டு நாள்களும், மற்றொரு சாராரை ஏழு நாள்களும் படுத்திருக்கச் சொன்னார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதலான குணம் ஏதும் கிட்டவில்லை. இரண்டு நாள் படுத்தவர்களே வேலைநாள்களைக் குறைவாக இழந்தனர். கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று. படுக்கப் படுக்கத் தசை தளரும். தசை தளர்ந்தால் அடுத்த முறை குனியும்போது வலி எளிதில் வரும்.

ஆகவே தசையை வலுப்படுத்த வேண்டும். அதற்கு இயந்திரமோ பணமோ வேண்டியதில்லை. லயத்து வீட்டில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். மாலையில், குளித்தபின், பத்து நிமிடம்.

முதற்பயிற்சி, குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துவது. நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில் 1956ஆம் ஆண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் சுவையான செய்தி ஒன்று இதற்குண்டு. மெக்கென்சி என்னும் உடலியக்கச் சிகிச்சையாளர் தம் நோயாளியை உள்ளே சென்று குப்புறப் படுக்கச் சொன்னார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நோயாளி அதிலேயே முதுகு பின்னோக்கி வளைந்தபடி படுத்துவிட்டார். சிகிச்சையாளர் திரும்பி வந்து பார்த்துத் திகைத்தார். நோயாளியோ, பல வாரங்களில் இவ்வளவு நலமாக இருந்ததில்லை என்றாராம். நாள் முழுதும் முன்னோக்கி வளையும் உங்களுக்கு இது மிகவும் ஏற்றது. உள்ளங்கைகளைத் தோளுக்கு நேரே தரையில் ஊன்றி, இடுப்பு பாயை விட்டு எழாமல், நெஞ்சை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை செய்யலாம். வலி காலை நோக்கி இறங்குமானால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, குழந்தை தவழ்வதுபோல் கையையும் முழங்காலையும் ஊன்றி, வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டி, எட்டு எண்ணும்வரை நிறுத்துவது. பின் மாற்றிச் செய்ய வேண்டும். முதுகில் ஒரு மங்குப் பாலை வைத்தாலும் சிந்தாத அளவுக்கு உடல் அசையாமல் இருக்க வேண்டும். பக்கத்திற்கு ஐந்து முறை போதும். கனடாவில் முதுகெலும்பை ஆராய்ந்த மெக்கில் என்னும் பேராசிரியர் வற்புறுத்தும் பயிற்சிகளுள் இது ஒன்று.

மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பிட்டத்தைப் பாலம்போல் உயர்த்தி, ஐந்து எண்ணி இறக்குவது. பத்து முறை. நான்காவது, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது. இது முதலில் கடினமாகத் தோன்றும். ஐந்து எண்ணிக்கையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள்.

பளு சுமப்பது பற்றி ஒரு சொல். தைப்பூசத்தன்று இதே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கு மேல் காவடி சுமந்து செல்வோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்பளு தோள்களின் வழியே இருபுறமும் சமமாக இடுப்பில் இறங்குகின்றது. சுமப்பவர் நிமிர்ந்தே நடக்கின்றார். ஒரே கையில் பால் வாளியைத் தொங்கவிட்டு ஒருபுறம் சாய்ந்து நடப்பவரின் முதுகிற்கு அந்த வாய்ப்பு இல்லை. காண்டாக் கம்பில் இரண்டு வாளியாகச் சுமப்பதோ, ஒவ்வொரு கையிலும் அரை வாளியாக எடுத்து வருவதோ நலம்.

வாரை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டால் ஆகாதா என்று சிலர் கேட்பதுண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட இடுப்பு வலிக்கு முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்துள்ளது. இடுப்பு வார்களை வழக்கமாகக் கொடுக்க வேண்டா என்றும் கூறியுள்ளது. தைலம் தேய்ப்பதை நாம் குறை கூறவில்லை. தேய்த்த இடம் சூடேறும், சற்று இதமாக இருக்கும். அவ்வளவே. தைலத்தால் தசை வலுப்பெறாது.

தாய்மார்கள் பத்து நிமிடத்திற்கு எங்கே போவார்கள் என்னும் கேள்வி நமக்குத் தெரியாததன்று. நிரை முடிந்து வந்தபின் சமையல், துணி, குழந்தை என்று அவர்களுக்கு இரண்டாம் பெரட்டு தொடங்குகின்றது. அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் கணவர். ஆடவர்கள் சிரிக்கின்றீர்கள், ஆயினும் நாம் இதை விளையாட்டாகக் கூறவில்லை.

சில வலிகளுக்குப் பயிற்சி கூடாது. சிறுநீரோ மலமோ அடங்காமற் போனாலும், தொடைகளுக்கிடையே மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து இழுபட்டாலும் ஒரு மணி நேரமும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலியுடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்ற வலி பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். பயிற்சியின் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் கைவிடுவோரே மிகுதி.

பின்வரிசையில் பாய்கள் வைக்கப்பட்டுள்ளன. ஆளுக்கொன்றாக எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். ஆடவர் இடப்பக்கமும் பெண்டிர் வலப்பக்கமும் செல்லலாம். முதற்பயிற்சியிலிருந்து தொடங்குவோம், குப்புறப் படுத்து, கைகளைத் தோளுக்கு நேரே வையுங்கள்.