கை சரியான பிறகும் ஒரு ஸ்கேன்



பேசிக்கொண்டிருக்கும்போதே நாக்குக் குழறுகிறது, வலது கை தொங்கிப் போகிறது. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "பித்தம், படுத்து எழுந்தால் சரியாகும்" என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். எனக்குப் பெரிய கவலை இதில்தான். இது மூளை கொடுக்கும் எச்சரிக்கை. பெரிய பக்கவாதம் சில நாட்களிலேயே தொடர்ந்து வரலாம்.

மூளைக்குப் போகும் ரத்தம் எங்கே தடைபட்டது? கழுத்தின் இரு பக்கமும் ஏறும் கரோட்டிட் தமனியிலா, மண்டைக்குள்ளா, இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டியா? இடம் தெரிந்தால்தான் வைத்தியம் தெரியும்.

1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற மருத்துவர், கழுத்துத் தமனிக்குள்ளேயே மருந்தைச் செலுத்தி மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டினார். தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் அதன் வழி வந்தது. மிகத் துல்லியமானது. ஆனால் அந்தச் சோதனையாலேயே சிலருக்குப் பக்கவாதம் வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

டாப்ளர் ஸ்கேனில் அந்த ஆபத்து இல்லை. கழுத்தில் ஜெல் தடவி, ஒலி அலைகளால் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுமே, அதுபோலச் சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தை வைத்தே அடைப்பின் அளவைக் கணிக்கலாம்.

கழுத்தோடு நின்றுவிடக் கூடாது. ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் மண்டைக்குள் இருக்கும் தமனிகள் சுருங்குவது அதிகம். அதனால் கழுத்து முதல் மூளை வரை காட்டும் சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ நமக்கு முக்கியம். சி.டி.க்குக் கையின் ரத்தக்குழாயில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்.ஆர். ஆஞ்சியோவைச் சாயம் இல்லாமலும் எடுக்க முடியும்.

இந்தப் படங்களால் உயிர் பிழைக்குமா? 1991இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாத அறிகுறி வந்து, மூளையில் பாதிப்பு ஏற்பட்ட அதே பக்கத்துக் கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டே ஆண்டுகளில் 26 சதவீதம் பேருக்கு மூளையின் அந்தப் பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அடைப்பை அறுவை செய்து எடுத்தவர்களிடம் அது 9 சதவீதம். அறிகுறி வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் செய்யும் அறுவையில்தான் பலன் அதிகம் என்று பின்னர் தெரியவந்தது.

ஆகவே, கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். "கழுத்து, மூளை இரண்டின் ரத்தக்குழாய்களையும் பார்த்தாயிற்றா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.