காமாலையும் மந்திரமும்



இன்று நாம் கடவுளைப்பற்றியோ புராணத்தைப்பற்றியோ பேச வரவில்லை. ஈரலைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்கிறீர்கள். ஆனால் கண் மஞ்சளாய்ப் போனவுடன் நம் ஜனங்களில் அநேகர் போகுமிடம் வைத்தியசாலையாயிராமல் மந்திரக்காரன் வீட்டுத் திண்ணையாய் இருப்பதால், ஈரலும் நம் இயக்கத்து விஷயமேயாகும்.

சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர், "ஐயா, எல்லாம் பொய் என்கிறீர்களே! என் மகனுக்குக் காமாலை கண்டபோது மூன்று நாள் மந்திரித்தார்கள். கையைக் கழுவக் கழுவ மஞ்சளாய் ஓடிற்று. பையனும் பிழைத்துக் கொண்டான். இதற்கென்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மஞ்சள் ஓடியதும் நிஜம். பையன் பிழைத்ததும் நிஜம். இரண்டுக்கும் உள்ளதாகச் சொல்லும் சம்பந்தந்தான் பொய்.

மந்திரக்காரன் மாம்பட்டைச் சாற்றை முன்னமேயே தன் கையில் தடவிக் கொள்ளுகிறான். பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு நோயாளியின் கையைத் தேய்த்தால் தண்ணீர் மஞ்சளாகிறது. நோயே இல்லாதவன் கையானாலும் அப்படியேதான் ஆகும்.

பையன் ஏன் பிழைத்தான்? காமாலை என்பது ஒரு வியாதியின் பெயரல்ல, ஓர் அடையாளம். பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருளை ஈரல் வெளியேற்ற முடியாதபோது அது கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. ஈரலைக் கெடுக்கும் வைரஸ்களில் முக்கியமானவை ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து. ஏ, ஈ இரண்டும் மலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் வருகின்றன. பெரும்பாலோரில் சில வாரங்களுக்குள் உடலே அவற்றை வென்றுவிடுகிறது. ஆகவே மந்திரித்தவனும் பிழைக்கிறான், மந்திரிக்காதவனும் பிழைக்கிறான். தட்சணை கொடுத்தவன் மட்டும் ஒருவன்!

ஆனால் இதை அற்பமாய் எண்ணிவிடக் கூடாது. 1955-56ல் டில்லியில், யமுனையிலிருந்து குடிதண்ணீர் எடுக்குமிடத்தில் சாக்கடை புகுந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ஈ வகையென்று பிற்காலத்தில்தான் தெரிந்தது. பாவத்தைப் போக்குவதாய்ச் சொல்லப்படும் நதி ஒரு வைரஸைக்கூடப் போக்கவில்லை. இந்த ஈ வகை கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர்வரை இறக்கக்கூடும். அந்தப் பெண்ணை மூன்று நாள் திண்ணையில் உட்கார வைப்பது கொலைக்குச் சமானமாகும்.

பி, சி வகைகள் வேறு ஜாதி. (ஜாதி என்ற சொல்லுக்கு இதிலாவது ஓர் உபயோகம் இருக்கட்டும்.) ரத்தத்தாலும், சுத்தமற்ற ஊசியாலும், பச்சை குத்துவதாலும் வரும். பி வகை உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் வரும். டி வகை, பி உள்ளவரையே பிடிக்கும். பி, சி வந்த அநேகருக்குக் கண் மஞ்சளாவதேயில்லை. வருஷக்கணக்காய் ஒளிந்திருந்து ஈரலைச் சுருக்கிவிடும், புற்றும் உண்டாக்கும். கண்ணைப் பார்த்து எந்த வகையென்று எந்த மகானாலும் சொல்ல முடியாது. ரத்தப் பரீட்சைதான் சொல்லும். பி வகைக்கு மேலுறைப் பொருளைத் தேடுகிறார்கள். அது ஆறு மாதத்துக்குமேல் நீடித்தால் நோய் நிலைத்துவிட்டதென்று பொருள். சி வகைக்கு எதிர்ப்பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று மறுபரீட்சை வேண்டும். இருந்தால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை தின்றால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் அடியோடு தீருகிறது. பி வகையை மாத்திரை அடக்கி வைக்கும், வேரறுப்பது அரிது. ஆனால் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். நல்ல நேரம் பார்த்துக் கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும்.

கீழாநெல்லி என்னாயிற்று என்று கேட்பீர்கள். 1988ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், பி வைரஸைக் கண்டு நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, அதனால் பலருக்குப் பி நீங்கியதாக வெளியிட்டார்கள். பிறகு மற்றவர்கள் பரீட்சித்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்மூர் இலை என்பதற்காக நாம் வேறு தீர்ப்புச் சொல்லலாமா? அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. பி இருப்பதாகத் தெரிந்த மருமகளுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வைக்கும் வீடுகள் உண்டு. பி, சி இரண்டும் கூடச் சாப்பிடுவதால் ஒட்டாது. தீண்டாமையை ஒழிக்கக் கூட்டம் போடுகிறவர்கள் வீட்டிலேயே இது நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவளை ஒதுக்கிவிட்டு, புருஷனைப் பரீட்சைக்கு அனுப்பாமலிருப்பதை என்னவென்று சொல்வது? இந்தப் பரீட்சையும் மருந்தும் இலவசமாய்க் கிடைக்க 2018ல் இந்திய அரசாங்கமே ஒரு திட்டம் ஆரம்பித்திருக்கிறது.

அந்தப் பெரியவர் இன்றும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மாம்பட்டைச் சாறும் சுண்ணாம்புத் தண்ணீரும் மேஜைமேல் இருக்கின்றன. ஐயா, மேலே வந்து கையை நீட்டுங்கள்.