கல்விச் செலவும் வருமான வரியும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம் என்கின்றோம். அரசாங்கப் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் போதனைக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. ஆனால், பல்கலைக்கழக அனுமதி கிட்டாத பிள்ளையின் நிலை யாது? வெளிவாரிப் பட்டத்துக்கும் கணக்காளர் பரீட்சைக்கும் பெற்றோர் பணம் கட்டியே ஆகவேண்டும். இச்செலவைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது?

2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க உள்நாட்டு இறைவரித் திருத்தச் சட்டம் ஒரு வழி திறந்தது. தமக்கோ தம் பிள்ளைகளுக்கோ நாட்டினுள் செய்த கல்விச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்றது. மருத்துவச் செலவு, வீட்டுக்கடன் வட்டி முதலியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு ரூபா 1,200,000 அதன் எல்லை. 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்வழியை 2022 டிசம்பர் 31 உடன் அடைத்துவிட்டது. வரியில்லா வருமானத்தின் ஆண்டெல்லையும் 3,000,000 இலிருந்து 1,200,000 ஆகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்பிரலில் அவ்வெல்லை 1,800,000 ஆக உயர்ந்தபோதும் கல்விக் கழிவு திரும்பவில்லை.

பழைய கழிவை அப்படியே தாருங்கள் என்று கேட்போமா? கணக்கைப் பார்ப்போம். மூவர் தத்தம் பிள்ளைக்கு ரூபா 200,000 கட்டணம் செலுத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். 36 வீத வரிப்படியில் உள்ள பெரிய உத்தியோகத்தருக்குக் கழிவினால் மிஞ்சுவது 72,000. 6 வீதப் படியிலுள்ள ஆசிரியருக்கு 12,000. வரி எல்லையைத் தொடாத பரந்தன் கமக்காரருக்கு ஒரு சதமும் இல்லை. காணியை ஈடு வைத்துக் கட்டியவருக்கே வெறுங்கை! அவர் வரி செலுத்தாதவர் என்று எவரும் கூறவேண்டாம். 2024 ஜனவரியில் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரி, அவர் வாங்கும் பண்டங்களின் விலைக்குள் மறைந்திருக்கின்றது.

பிறநாட்டில் இதற்கு வழி கண்டிருக்கின்றார்கள். அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டில் வந்த கல்வி வரிச் சலுகை, மாணவர் ஒருவருக்கு 2,500 டொலர் வரை வருமானத்திலன்றி வரியிலேயே குறைக்கின்றது. கட்டவேண்டிய வரி இல்லாதவருக்கும், தகுதி இருப்பின், 1,000 டொலர் வரை காசாகத் திரும்பும். உயர்ந்த வருமானத்தாருக்கு அச்சலுகை படிப்படியாகக் குறைந்து இல்லாதொழியும்.

ஆகவே, நாம் கோருவது இதுவே: கல்விச் செலவுக்கான சலுகை மீண்டும் சட்டமாகவேண்டும், அது வரியில் குறைக்கப்படவேண்டும், வரி இல்லாதவருக்குக் காசாகக் கையில் சேரவேண்டும். இக்கோரிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று; அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரனின் பிள்ளைக்கும் உரியது. ஆயினும், அதை முதலில் எழுப்பவேண்டியவர்கள், கல்வியையே முதுசொமாக நம்பிவந்த நாமல்லவா?

உத்தியோகத்தர்களே, பழைய கழிவு உங்களுக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று அமைந்துவிடாதீர்கள். கமக்காரரோடு ஒரே மனுவில் கையொப்பமிடுங்கள். கட்டணப் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். பேச்சை மறுப்பார்கள், பற்றுச்சீட்டை மறுக்க முடியாது.