கைமாறிய ஆலையும் கேட்கப்படாத தொழிலாளியும்



ஒரு நிறுவனம் கைமாறும்போது விலை பேசப்படுகிறது, பங்குகள் எண்ணப்படுகின்றன, ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அந்த நிறுவனத்தை உழைப்பால் வளர்த்தவர்களிடம் மட்டும் எவரும் எதையும் கேட்பதில்லை. இதற்கு மறக்க முடியாத சான்று பால்கோ.

1965இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் அலுமினியம் கம்பெனியின் 51 சதவீதப் பங்குகளை, 2001 மார்ச்சில் வாஜ்பாய் அரசு ஸ்டெர்லைட் நிறுவனத்திற்கு 551.5 கோடி ரூபாய்க்கு விற்றது. கோர்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் திறன்கொண்ட அலுமினிய உருக்காலையும், 270 மெகாவாட் மின்நிலையமும் அந்நிறுவனத்திற்கு இருந்தன. மதிப்பீடு முறையாகவே நடந்தது என்றது அரசு. மக்கள் பணத்தில் உருவான சொத்துகளுக்கு இதுதானா விலை என்று இடதுசாரிகளும் பிற எதிர்க்கட்சிகளும் கேட்டனர். மக்களவையில் எதிர்ப்புத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

தொழிலாளர்கள் அடங்கிவிடவில்லை. சங்க வேறுபாடுகளைக் கடந்து ஒன்றுபட்டு 67 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு நிறுவனத்தின் ஊழியர் என்ற நிலையில் அரசியல் சட்டம் அளித்த பாதுகாப்பை, தங்களைக் கேளாமலே பறிப்பது நியாயமா என்பதே அவர்கள் நீதிமன்றத்தின் முன் வைத்த கேள்வி. 2001 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்தது. பங்கு விற்பனை பொருளாதாரக் கொள்கை சார்ந்த முடிவு. அதில் முன்கூட்டியே கருத்துக் கேட்கப்படும் உரிமை தொழிலாளர்க்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கே சட்டத்தின் ஓர் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நிறுவனமே வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டால் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 25-எஃப்எஃப் பிரிவு. பணித்தொடர்ச்சியும் பழைய நிபந்தனைகளும் காக்கப்பட்டால் மட்டுமே அதற்கு விலக்கு. ஆனால் பங்குகள் மட்டும் விற்கப்பட்டால், சட்டத்தின் பார்வையில் நிறுவனம் அதே நிறுவனம்தான். உண்மையில் அதிகாரம் முழுவதும் புதியவர் கைக்குப் போய்விடுகிறது. காகிதத்திலோ எதுவும் மாறவில்லை!

ஆயினும் 2003 செப்டம்பரில் வேறொரு தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசவுடைமையாக்கப்பட்ட இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் நிறுவனங்களை, அச்சட்டங்களைத் திருத்தாமல் தனியாருக்குக் கைமாற்ற முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2002இல் நடந்த இந்துஸ்தான் ஜிங்க் பங்கு விற்பனை குறித்து வழக்குப் பதிவு செய்யுமாறு 2021 நவம்பரில் சிபிஐக்கு உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான். விற்று முடித்ததாலேயே கேள்விகள் முடிந்துவிடுவதில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பங்கு விற்பனையாயினும் தொழிற்சங்கங்களைக் கலந்து பேசுவது சட்டக் கடமையாக வேண்டும். மதிப்பீட்டு முறையும் அறிக்கையும் விற்பனைக்கு முன்பே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். பொதுச் சொத்தை விற்கும் ஒவ்வொரு முடிவும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். கோர்பாத் தொழிலாளர்கள் வழக்கில் தோற்றார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. அதை ஒவ்வோர் ஆலை வாயிலுக்கும் எடுத்துச் செல்வது தொழிற்சங்க இயக்கத்தின் கடமையாகும்.