அலையாத்திக் காடும் ஏழைகள் ஜீவனமும்



காட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், எண்ணூரில் ஏது காடு என்று சிலர் சிரித்தீர்கள். புகைபோக்கியும், சாம்பல் குளமும், நிலக்கரிக் கப்பலும் நிறைந்த ஊரில் அப்படிக் கேட்பது நியாயந்தான். ஆனால் கொசஸ்தலையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிக் கழியோரம் ஆங்காங்கே வெண்கண்டல் நிற்கிறதே, அதுதான் நான் சொல்லும் காடு. அலையாத்தி என்று நம் ஜனங்கள் வைத்த பெயரே அது செய்கிற ஒரு வேலையைச் சொல்லிவிடும்.

மற்றொரு வேலை சேற்றுக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலை உதிர்ந்து அழுகுகிறது. அதில் வளரும் நுண்ணுயிர்கள் இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் ஆகாரமாகின்றன. சேற்றுக்கு மேல் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களுக்கிடையில் பெரிய மீன் எளிதில் புகமுடியாததால் குஞ்சுகள் அங்கே பிழைத்து வளருகின்றன. கடலில் பிறக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகூடக் கழிக்கு வந்துதான் வளருகிறது. ஆகவே கடலில் வலை வீசுகிறவனுக்கும் மூலதனம் இந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

ஆனால் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது படகும் வலையும் உள்ளவர்களைப் பற்றியல்ல. இரண்டும் இல்லாதவர்களைப் பற்றியேயாகும். இந்தக் கழியில் இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரிலும் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமல்லவா? அதனால் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். நிலமில்லை, பாங்கியில் கடன் கேட்க ஜாமீனில்லை. பத்து விரல்களும் இந்தக் கழியுமே அவர்களுடைய சொத்து. ஒருவனிடமும் கைகட்டி நிற்காமல், தண்ணீரில் இறங்கி அன்றைய அரிசிக்குப் பணம் கொண்டுபோகக்கூடிய தொழில் அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறதென்று கேட்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்துக்குச் சர்க்கார் தஸ்தாவேஜில் என்ன பெயர் தெரியுமா? புறம்போக்கு! வரி கொடுக்காத நிலமெல்லாம் வீண் நிலம் என்பது யார் போட்ட கணக்கு? நெல் விளைந்தால் விளைச்சல், இறால் விளைந்தால் தரிசா?

1991 ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அலையாத்திக் காட்டை மிக அதிகப் பாதுகாப்புள்ள வகுப்பில்தான் சேர்த்தது. ஆனால் பாதுகாப்பு காகிதத்தில் வந்தது. அனல்மின் நிலையமும், 2001 இல் துறைமுகமும் தரையில் வந்தன. குழாய் உடைந்து கசிந்த சாம்பல் கழியின் ஆழத்தைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், மரத்தின் மீதும் மூச்சுவேரின் மீதும் பூசிக்கொண்டது. குடும்பத்துக்கு 12,500 ரூபாயும், படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தார்கள். படகுக்கு விலை கண்டுபிடித்தார்கள், சரி. சேற்றைத் தடவுகிற கைக்கு என்ன விலை?

இருளர்கள் ஏழைகளாயிருப்பது அவர்கள் தலைவிதி என்கிறார்கள். தோழர்களே, இது சுத்தப் புளுகு. 1882 ஆம் வருஷத்துச் சென்னைக் காட்டுச் சட்டம், ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி நுழைவதையே குற்றமாக்கிற்று. 1972 இல் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் ஒழிந்தது. தோல் வியாபாரம் ஒழிந்ததை நான் குறை கூறவில்லை. அதை நம்பிப் பிழைத்தவனுக்கு வேறு வழி காட்டாததைத்தான் கூறுகிறேன். முன்பணம் வாங்கி அரிசி ஆலையிலும் செங்கற்சூளையிலும் கொத்தடிமையாய்க் கிடந்த இருளர்கள் எத்தனை பேர்! அதே ஜனங்கள் 1978 இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். திறமையில் என்ன குறை? பிடுங்கப்பட்டது இடமும் உரிமையுமேயாகும். 2006 ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திலே, காட்டு நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துக்காட்ட ஆளில்லாத குடிசைகளுக்கு நம் வாலிபர்கள் போகவேண்டும்.

கன்று நட்டால் காடு வந்துவிடும் என்றும், நடுவதைப் படம் பிடித்துப் போட்டால் கடமை தீர்ந்தது என்றும் எண்ணுவோருண்டு. பிச்சாவரத்தில் மொத்தமாய் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பேறி மரம் முளைக்காமல் கிடந்தன. 1990 களில் மீன்முள் போல வாய்க்கால் வெட்டி அலைத்தண்ணீரை ஏறி இறங்கவிட்ட பிறகே காடு திரும்பிற்று. இங்கேயும் சாம்பலை வாரிக் கழியைத் திறக்காமல் கன்றை மட்டும் நட்டால், அது செத்துப்போகும்.

ஆதலால் அடுத்த தொழிற்சாலைக்காகப் பொதுஜனக் கருத்துக் கேட்க அதிகாரிகள் வந்தால், எத்தனை படகு என்று அவர்கள் கேட்பதற்கு முன்பாக, எத்தனை பறி இந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரையில் கூட்டத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். எனக்குப்பின் பேசவேண்டிய தோழர்கள் காத்திருப்பதால் இத்துடன் உட்காருகிறேன்.