நள்ளிரவுக் குடை
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆடம்பரத்தைப் பழிக்க நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தற்புகழ்ச்சி பேசுவோன் தம்பட்டம் அடிக்கிறான். புதுப்பணம் கண்டவன் பவுசு காட்டுகிறான். இக்காலத்து இளைஞர் வாயில் அது 'படம் காட்டுதல்' ஆயிற்று. இவற்றையெல்லாம் விடுத்து, 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்னும் ஒன்றை மட்டும் ஆராய விரும்புகிறேன்.

வடகரப்பதி போன்ற எல்லையூர்களிற் பிறந்தோர்க்கு இதனை இருமொழியிலும் கேட்கும் பேறு உண்டு. மலையாளத்தார் 'அல்பனு அர்த்தம் கிட்டியால் அர்த்தராத்திரி குட பிடிக்கும்' என்பர். அங்கே முதலில் வரும் 'அர்த்தம்' செல்வம். அடுத்து வருவது பாதி. நாம் 'வாழ்வு' என்று சொல்லி அந்தச் சொல்விளையாட்டை இழந்தோம். எவரிடமிருந்து எவர் பெற்றனர் என்று வழக்காடுவது வீண்.

நள்ளிரவிலும் மழை பெய்யுமே, அப்பொழுது குடை பிடித்தல் குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். மழை குறைந்த கிழக்குச் சித்தூர்ப் பக்கத்தார் கேளாவிடினும், தேவிகுளம், பீருமேட்டு அன்பர்கள் நிச்சயம் கேட்பார்கள்! பழமொழியிலுள்ள குடை மழைக்குரியதன்று, வெயிலுக்குரியதுமன்று. அது தகுதியின் அடையாளம். மன்னர்க்கு வெண்கொற்றக்குடை இருந்ததை நாம் அறிவோம்.

ஆனால் அந்த அடையாளம் எல்லார்க்கும் உரியதாக இருந்ததா? பழைய திருவிதாங்கூரில் நாடார் மக்கள் குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது, பொன்னகை பூணலாகாது, மாடிவீடு கட்டலாகாது என்னும் தடைகள் இருந்தன. பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871-இல் வெளியிட்ட 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி' என்ற நூலில் இவற்றைக் காணலாம். நாடார்க்கும் கீழாக வைக்கப்பட்டோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதை அறிந்தபின் பழமொழியை மீண்டும் சொல்லிப் பாருங்கள். பகலில் குடை விரிக்க உரிமையற்றவன், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஊர் உறங்கிய பின்னன்றோ அதை விரித்துப் பார்த்திருக்க முடியும்? பழமொழி அப்படித்தான் பிறந்தது என்று நான் சாதிக்கவில்லை. இது என் எண்ணமே. எனினும் 'அற்பன்' என்ற சொல் என் காதில் முன்போல் ஒலிப்பதில்லை.

காலமறியாச் செயலை நகையாடுதல் தக்கதே. கடன் வாங்கி ஊரடைத்துப் பந்தலிட்டுத் திருமணம் நடத்துவோனை, அவன் எக்குடிப் பிறந்தவனாயினும், இப்பழமொழியால் இடித்துரைக்கலாம். நடைமுறையிலோ அது பெருஞ்செல்வரை நோக்கி எழுவதில்லை. தோட்டத் தொழிலாளியின் மகன் படித்து, வேலைக்குச் சென்று, ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போட்டால் எழுகிறது. அதுவும் அவன் முகத்துக்கு நேரே அன்று. புதுமனை விருந்தை உண்டு, தாம்பூலம் பெற்றுக்கொண்டு, தெருமுனை திரும்பிய பின்னரே எழுகிறது.